பழைய ஒலி அட்டைக்கு ஓர் இணைப்புக் கம்பி



காட்டு வேலை முடித்து, குளித்து, தேநீர் குடித்துவிட்டு வானொலியின் அருகே அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வீட்டுப் பாடத்தை மூடி வைத்துவிட்டுக் காது கொடுக்கும் மாணவச் செல்வங்களே, இன்று உங்கள் எல்லாருக்கும் பயன்படக்கூடிய ஒரு சிறு கைவேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அது ஒரு கம்பி செய்யும் வேலை. ஒரு முழம் நீளமோ இரண்டு முழம் நீளமோ உள்ள ஓர் இணைப்புக் கம்பி. அதற்கு ஒரு வானொலி உரையா என்று நீங்கள் நினைக்கலாம். கேளுங்கள், சொல்கிறோம்.

உங்கள் வீட்டு அலமாரியின் மேல் தட்டிலோ, கட்டிலுக்கு அடியில் உள்ள பிஸ்கட் தகரத்திலோ சில ஒலிநாடாக்கள் கிடக்கும். கேசட் என்று சொல்கிறோமே, அவைதாம். சிலவற்றில் சினிமாப் பாட்டு இருக்கும். அது போனால் கடையில் மீண்டும் கிடைக்கும். வேறு சிலவற்றில் தாத்தாவின் பேச்சு, ஆயாவின் தாலாட்டு, மாரியம்மன் கோயில் திருவிழாவில் நம்மவர் பாடிய பாட்டு ஆகியவை இருக்கும். அவை போனால் எந்தக் கடையிலும் கிடைக்கமாட்டா. இந்த இரண்டாம் வகையைக் காப்பாற்றத்தான் இந்தக் கம்பி.

தோட்டத்தில் வாழும் நமக்கு இதில் அவசரமும் உண்டு. 1921ஆம் ஆண்டில் முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேயப் படைவீரர்கள் தொடங்கிய ரப்பர் தோட்டம் பிராங் பெசார். 1995இல் அந்த இடத்தில் புத்ராஜெயா நகரம் எழத் தொடங்கியது. அங்கே பால் வெட்டிய குடும்பங்கள் டெங்கில் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படி எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தை விட்டு வெளியேறும்போது அம்மிக்கல்லையும் சாமிப் படத்தையும் மறவாமல் எடுத்துக்கொள்கிறோம். கேசட்டுகளை, கேட்கக் கருவி இல்லையே என்று விட்டுவிடுகிறோம்.

கிள்ளானுக்கு அருகில் நாங்கள் பணியாற்றும் தோட்டப் பள்ளிக்கு ஒருநாள் ஒரு பாட்டி வந்தார். முந்தானையில் முடிந்து ஒரு கேசட் கொண்டுவந்தார். 1984இல் பதிவு செய்தது. அதில் அவருடைய காலஞ்சென்ற கணவர் பேசியிருக்கிறார். தம்முடைய தகப்பனார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, இன்று கிள்ளான் துறைமுகம் என்று நாம் சொல்லும் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கிய கதையைப் பேரனுக்குச் சொல்கிறார்.

"வாத்தியாரையா, பேரன் வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கு. அதுல கேக்குறாப்பல ஆக்கிக் குடுங்க. நாங்க அடுத்த மாசம் பிளாட்டுக்குப் போறோம்," என்றார்.

எங்கள் பள்ளியின் பண்டக அறையில் ஒரு பழைய ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. 1990களில் வந்த ஒலி அட்டை பொருத்திய பழைய கணினியும் இருந்தது. இரண்டும் வேலை செய்தன. இரண்டையும் இணைக்கும் கம்பிதான் இல்லை.

ஒலி அட்டை என்றால் என்ன என்று முதலில் பார்ப்போம். ஒலிநாடாவிலிருந்து வருவது ஏறி இறங்கும் மின் அலை. கணினிக்கு அலை புரியாது, எண்தான் புரியும். ஒலி அட்டை அந்த அலையின் உயரத்தை அளந்து அளந்து எண்ணாக எழுதுகிறது. இசைத்தட்டுக்கு இணையான தரத்தில் ஒரு வினாடிக்கு 44,100 தடவை அளக்கிறது. ஒவ்வொரு தடவையும் 65,536 படிகள் கொண்ட ஓர் ஏணியில் எந்தப் படியில் அலை நிற்கிறது என்று குறித்துக்கொள்கிறது. நமது அண்டை நாடான சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ 1981இல் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், 1989இல் 'சவுண்ட் பிளாஸ்டர்' என்ற ஒலி அட்டையை வெளியிட்டு உலகெங்கும் புகழ் பெற்றது. 1992இல் அதன் 'சவுண்ட் பிளாஸ்டர் 16' வந்தபோது, நாம் மேலே சொன்ன தரம் வீட்டுக் கணினிக்கும் கைகூடியது.

பழைய அட்டை என்று இகழ வேண்டாம். இக்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் காதொலிக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளைதான் இருக்கிறது. பழைய அட்டையிலோ 'லைன் இன்' என்று தனித் துளை உண்டு. ஒலிப்பதிவுக் கருவியை இணைப்பதற்கென்றே வைத்த துளை அது. 1990களின் கடைசியில் வண்ணக் குறி வந்தது: லைன் இன் வெளிர்நீலம், மைக் இளஞ்சிவப்பு, ஒலிபெருக்கி பச்சை. அதற்கு முந்திய அட்டைகளில் வண்ணம் இருக்காது. தகட்டில் பொறித்த எழுத்தையோ படத்தையோ விளக்கு வெளிச்சத்தில் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

துளை மாறினால் என்ன ஆகும்? மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். ஒலிப்பதிவுக் கருவி அனுப்புவதோ அதைப் போல நூறு மடங்கு இருக்கலாம். பால்மரத்தில் கட்டிய மங்கில் ஒரு வாளிப் பாலை ஊற்றினால் மங்கு கொள்ளுமா? வழிந்து வீணாகும் அல்லவா? அதுபோல மைக் துளையில் செருகினால் பேச்சு கரகரவென்று சிதைந்துவிடும். மேலும், மைக் துளையில் மைக்குக்காக ஒரு சிறு மின்னழுத்தமும் வெளியே வருகிறது. அது ஒலிப்பதிவுக் கருவிக்கு வேண்டாதது. ஆகவே லைன் இன் துளையே நமக்கு உரியது.

இப்போது ஒலிப்பதிவுக் கருவியின் பக்கம் வருவோம். அதன் பின்புறத்தில் அரைவட்டமாக ஐந்து ஓட்டைகள் கொண்ட ஒரு வட்டத் துளை இருந்தது. ஜெர்மானியத் தர நிர்ணயக் கழகம் வகுத்த முறை அது. அக்கழகத்தின் பெயரால் 'டின்' துளை என்பார்கள். ஐந்து முள் கொண்ட செருகி ஒருபுறம், கணினிக்கு உரிய 3.5 மில்லிமீட்டர் செருகி மறுபுறம். இப்படி ஒரு கம்பி கிடைத்தால் போதும் என்று எண்ணி, கோலாலம்பூரில் ஒரு கடைக்குப் போனோம். கேட்டவுடனே எடுத்துக் கொடுத்தார்கள். பார்வைக்கு அச்சாக அதேதான். மகிழ்ச்சியோடு வந்து, பாட்டியின் கேசட்டை அப்படியே போட்டு ஓடவிட்டோம்.

இங்கேதான் நேயர்களே, நாங்கள் தவறு செய்தோம்.

இடது காதில் மட்டும் தாத்தாவின் குரல் கேட்டது. வலது காதில் மெல்லிய இரைச்சல். செருகியைத் திருப்பினோம், அசைத்தோம், அழுத்தினோம். நாடாவைப் பின்னோக்கிச் சுற்றி மறுபடியும் ஓட்டினோம். இப்படி நான்கு தடவை ஓட்டியபோது, பழைய நாடா உருளையில் சிக்கிக்கொண்டது. மெல்ல இழுத்து எடுத்துப் பார்த்தால், ஒரு சாண் நீளம் கசங்கிச் சுருண்டிருந்தது. கேசட்டில் நாடா ஒரு வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. ஒரு சாண் என்பது ஏறக்குறைய ஐந்து வினாடி. தாத்தாவின் பேச்சில் ஐந்து வினாடி எங்கள் அவசரத்தால் போயிற்று. பதறாத காரியம் சிதறாது என்று வகுப்பில் எழுதிப் போடுகிறவர்கள் நாங்கள்தாம்.

கேசட்டை எடுத்து வைத்துவிட்டு, மல்டிமீட்டரை வைத்துக் கம்பியைச் சோதித்தோம். குற்றம் தெரிந்தது. அது ஒலிக்கான கம்பியே அன்று. 1983இல் 'மிடி' என்ற ஒரு முறை வந்தது. மின்னிசைப் பலகைகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பிக்கொள்ளும் முறை அது. அதற்கும் இதே ஐந்து முள் செருகியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதில் வேலை செய்பவை 4ஆம் முள்ளும் 5ஆம் முள்ளும். நடுவில் உள்ள 2ஆம் முள் உறைக்கு. உருவம் ஒன்று, உள்ளே ஓடும் பாதை வேறு. பார்வைக்கு ஒத்திருப்பதெல்லாம் ஒன்றாகிவிடாது என்பதை அன்று கற்றோம்.

ஒலிப்பதிவுக் கருவியில் அந்த ஐந்து முட்களின் கணக்கைச் சொல்கிறோம். கையில் பென்சில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். அரைவட்டத்தில் எண்கள் வரிசையாக இரா. 1, 4, 2, 5, 3 என்று இருக்கும். நடுவில் இருப்பது 2. அது பொதுக் கம்பி, உறையோடு சேர்வது. அதற்கு ஒரு பக்கம் உள்ள 1உம் 4உம் கருவிக்குள் பதிவதற்காக ஒலி போகும் வழி. மறுபக்கம் உள்ள 3உம் 5உம் கருவியிலிருந்து ஒலி வெளியே வரும் வழி. ஓரத்தில் இருப்பவை, அதாவது 1உம் 3உம், இடது. நடுவை ஒட்டியவை, 4உம் 5உம், வலது. நமக்கு வேண்டியவை 3, 5, 2 ஆகிய மூன்றே. செருகியை முன்னிருந்து பார்ப்பதற்கும் பின்னிருந்து பார்ப்பதற்கும் இடவலம் மாறும். ஆகவே கண்ணை நம்பாமல், செருகியில் பொறித்திருக்கும் எண்ணையே நம்புங்கள்.

கடைக் கம்பி 5ஐ இடதோடும், 4ஐ வலதோடும் சேர்த்திருந்தது. 5இல் ஒலி வந்தது, இடது காதில் கேட்டது. 4இல் ஒலி வெளியே வராது. அது உள்ளே போகும் வழி. வலது காதில் இரைச்சல் கேட்டதற்குக் காரணம் அதுவே.

இனி நாமே செய்வோம். கிள்ளானிலிருந்து ரயிலேறினால் பிரிக்பீல்ட்ஸில் உள்ள கேஎல் சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து புடு வட்டாரத்து ஜாலான் பசாருக்குப் போனால், மின்னணு உதிரிப் பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வாங்க வேண்டியவை நான்கு: ஐந்து முள் டின் செருகி ஒன்று, 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ செருகி ஒன்று, உள்ளே இரண்டு கம்பிகளும் மேலே பின்னிய செம்பு உறையும் கொண்ட ஒலிக் கம்பி ஒன்றரை மீட்டர், கொஞ்சம் சால்டரிங் ஈயம். சால்டரிங் கோல் உங்கள் பகுதியில் வானொலி பழுது பார்ப்பவரிடம் இருக்கும்.

செம்பு உறை எதற்கு? நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 தடவை அலைகிறது. உறையில்லாத கம்பி அந்த அலையைப் பிடித்துக்கொண்டு 'உம்' என்று முனகும். உறை அதை வழியிலேயே தடுத்து நிறுத்துகிறது.

முதல் வேலை, இரண்டு செருகிகளின் மூடிகளையும் கம்பியில் கோத்துவிடுங்கள். இதை மறந்து ஈயம் வைத்துவிட்டால், எல்லாவற்றையும் பிரித்து மறுபடியும் செய்ய வேண்டும். அடுத்து, கம்பியின் மேல் தோலை ஒன்றரை சென்டிமீட்டர் சீவுங்கள். செம்பு உறையை ஒதுக்கி ஒரே புரியாக முறுக்குங்கள். உள்ளே உள்ள இரு கம்பிகளின் நுனியையும் சிறிது சீவி, மூன்று நுனிகளுக்கும் மெல்லிய ஈயப் பூச்சு கொடுங்கள்.

3.5 மில்லிமீட்டர் செருகியில் மூன்று பகுதிகள் உண்டு. நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி பொது. ஆகவே சிவப்புக் கம்பியை டின்னில் 3ஆம் முள்ளோடும், மறுபுறம் நுனியோடும் சேர்க்க வேண்டும். வெள்ளைக் கம்பியை 5ஆம் முள்ளோடும் வளையத்தோடும் சேர்க்க வேண்டும். செம்பு உறையை 2ஆம் முள்ளோடும் அடிப்பகுதியோடும் சேர்க்க வேண்டும். 1உம் 4உம் வெறுமையாக இருக்கட்டும். கம்பியின் நிறம் வேறாக இருந்தாலும் குற்றமில்லை. இரு முனையிலும் ஒன்றுபோல் இருந்தால் சரி.

டின் செருகியின் முட்களைப் பிடித்திருப்பது பிளாஸ்டிக். அதிகம் சூடேறினால் இளகி முள் சாய்ந்துவிடும். பழைய துளை ஒன்று கிடைத்தால் செருகியை அதில் குத்தி வைத்துக்கொண்டு செய்யுங்கள். கோலை இரண்டு மூன்று வினாடிக்கு மேல் வைக்க வேண்டாம். ஈயம் ஓடிப் பளபளப்பாகப் படிய வேண்டும். உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை என்று பொருள். பிள்ளைகள் இதைச் செய்யும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். சன்னலைத் திறந்து வையுங்கள், புகையை முகராதீர்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின்னரே உணவைத் தொடுங்கள்.

பின்பு சோதனை. மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, 3க்கும் நுனிக்கும், 5க்கும் வளையத்துக்கும், 2க்கும் அடிப்பகுதிக்கும் ஒலிக்கிறதா என்று பாருங்கள். நுனிக்கும் வளையத்துக்கும் இடையிலோ, அவற்றுக்கும் அடிப்பகுதிக்கும் இடையிலோ ஒலிக்கக் கூடாது. ஒலித்தால் ஈயம் எங்கோ வழிந்து தொட்டுக்கொண்டிருக்கிறது.

உங்கள் கருவியில் டின் துளை இல்லையா? கவலை வேண்டாம். காதொலித் துளை இருந்தால் போதும். ஒற்றை ஒலிபெருக்கி உள்ள பழைய கருவியானால், அந்தப் பக்கம் மோனோ செருகியைப் போட்டு, அதன் நுனியிலிருந்து வரும் ஒரே கம்பியைக் கணினிப் பக்கத்தில் நுனிக்கும் வளையத்துக்கும் சேர்த்தே ஈயம் வையுங்கள். இரு காதிலும் கேட்கும். அத்துளையில் ஒலி பலமாக வரும். ஆதலால் ஒலி அளவை மிகக் குறைவாக வைத்துத் தொடங்கி, சிறுகச் சிறுகக் கூட்டுங்கள். கருவியின் பின்மூடியையோ கணினிப் பெட்டியையோ திறக்கவே வேண்டாம். உள்ளே வீட்டு மின்சாரம் இருக்கிறது. முனகல் ஒலி தொடர்ந்தால், ஒலிப்பதிவுக் கருவியைப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

கேசட்டுக்கும் சில முன்னேற்பாடுகள் உண்டு. முதலில், போனாலும் பரவாயில்லை என்னும் சினிமாப் பாட்டுக் கேசட்டில் எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள். நாங்கள் செய்யத் தவறியது இதைத்தான். கேசட்டின் முதுகில் உள்ள இரு சிறு தகடுகளையும் உடைத்துவிடுங்கள். பதிவுப் பொத்தானைத் தவறி அழுத்தினாலும் அழியாது. நாடாவில் வெண்பூசணம் படிந்திருந்தால் ஓட்டாதீர்கள். அது கருவியிலும் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். ஒலித் தலையை ஆல்கஹால் தோய்த்த பஞ்சினால் துடைத்துக் காயவிடுங்கள்.

கணினியில் 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருள் போதும். பதியும்போது திரையில் ஒலி அலை எழுந்து விழுவதைப் பார்க்கலாம். அது மேல் விளிம்பைத் தொடாமல், பாதிக்கும் முக்காலுக்கும் இடையே நிற்கும்படி அளவை வையுங்கள். ஏணியின் கடைசிப் படிக்கு மேலே போனதைக் கணினி வெட்டிவிடும். பின்னர் சரிசெய்ய முடியாது. ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 635 மெகாபைட் இடம் பிடிக்கும். 8 ஜிகாபைட் பென்டிரைவில் ஒரு மணி நேரக் கேசட்டுகள் பன்னிரண்டு அடங்கும். ஒரு படி உங்கள் வீட்டில், மறுபடி அண்ணன் தம்பி வீட்டில் என இரண்டு படிகள் வையுங்கள்.

அந்தப் பாட்டியின் கேசட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். புதுக் கம்பியைச் செய்து, சினிமாப் பாட்டில் மூன்று நாள் சோதித்து, பிறகே பாட்டியை வரச் சொன்னோம். கசங்கிய இடத்தைப் பற்றி முதலில் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஓட்டத்தில் முழுவதும் பதிந்தோம். இரு காதிலும் தாத்தாவின் குரல் தெளிவாக வந்தது. கப்பலில் கொடுத்த கஞ்சி, கடலைப் பார்த்து அழுத பெண்கள் என்று பேசிக்கொண்டே வந்தார். கசங்கிய இடத்தில் குரல் குழறி மறைந்து, மறுபடியும் எழுந்தது.

"அது அவுங்க அப்பாவோட ஊர்ப் பேரு சொல்ற எடம், வாத்தியாரையா," என்றார் பாட்டி.

எங்களுக்கு நாக்கு எழவில்லை. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்திதான், "பாட்டி, உங்களுக்கு அந்த ஊர் தெரியுமா?" என்று கேட்டாள். "தெரியாம என்ன? நாப்பது வருசம் கேட்டிருக்கேனே," என்றார். உடனே அந்தப் பழைய அட்டையின் மைக் துளையில் மைக்கைச் செருகினோம். ஊர்ப் பெயரையும், ஆற்றையும், குலதெய்வத்தையும் பாட்டி தம் வாயாலேயே சொன்னார். தாத்தாவின் பேச்சை வெட்டி நடுவில் ஒட்டாமல், அது முடிந்தபின் தனியாகச் சேர்த்தோம். எது அவர் சொன்னது, எது இவர் சொன்னது என்று பின்னால் கேட்பவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

நேயர்களே, நாடா காத்திருக்கும், ஆனால் நெடுநாள் காத்திருக்காது. நினைவு வைத்திருக்கும் பெரியவர்களும் அப்படித்தான். இந்த வார ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிஸ்கட் தகரத்தை இறக்கி, ஒவ்வொரு கேசட்டின் மேலும் யார் குரல், எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். எழுதும்போது வீட்டுப் பெரியவரை அருகில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கம்பியை அடுத்த வாரம் செய்து கொள்ளலாம்.